சென்றாயன் தொண்டையில் பிரமுகர்கள்

நோயும் மரணமும் மண்டியிட்டு வணங்கும் தர்மத்தின் தலைவாசல் இது என்று சர் வில்பிரட் ப்ராடி நினைவு வைத்தியசாலையின் முகப்புக் கல்லில் செதுக்கியிருந்தார்கள். சேலத்திலிருந்து கிழக்கே வருகிற சாலையில் அவ்வளவு பெரிய கல் வேறு எந்தக் கட்டடத்துக்கும் கிடையாது. கல்லை நட்ட கொத்தனார் கொஞ்சம் தாழ்வாக நட்டுவிட்டார். சுற்றுப்பட்டு வெள்ளாடுகள் எல்லாம் அதில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து, 'மரணமும்' என்பதும் 'வாசல்' என்பதும் தவிர மற்ற எழுத்துகள் மழுங்கிப் போய்விட்டன.

சென்றாயனுக்கு எழுத்து தெரியாது. அதனால் அவன் தயக்கமில்லாமல் உள்ளே போனான்.

நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் ஒரு புன்செய்க் காட்டில் அவனுக்குக் கிணறு ஒன்றும், அதை நம்பிக் கொஞ்சம் வெங்காயமும் இருந்தன. கிணற்றில் கவலை ஏற்றம். மாடுகள் இரண்டும் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினால் தண்ணீர்ச் சால் மேலே வரும். வாய்க்காலில் கொட்டியதும் மாடுகள் திரும்பிப் பார்க்காமல் பின்புறமாகவே சரிவில் ஏறி வர வேண்டும். இறங்குவதற்கு எந்த மாடும் இறங்கும். பின்னுக்கு ஏறி வருவது சொல்லிக் கொடுத்த மாட்டுக்குத்தான் வரும், அதுவும் சொல்லிக் கொடுத்தவன் குரலுக்குத்தான் வரும். சென்றாயனின் செவலையும் மயிலையும் அவன் "ஹோ... வா சாமி, வா" என்று இழுத்துக் கூப்பிட்டால் கோயிலில் பின்வாங்கி வருகிற பக்தர்கள் மாதிரி அடக்கமாக ஏறி வரும். வேறு யார் கூப்பிட்டாலும் பள்ளத்தில் நின்று அசை போடும்.

வடத்தின் மேல் வருஷக்கணக்காக உட்கார்ந்து அழுத்தி அழுத்தி அவன் அடிவயிற்றின் ஓரத்தில் ஒரு பந்து முளைத்துவிட்டது. குடல் இறங்கியிருக்கிறது, அறுத்துத் தைக்க வேண்டும், தைத்த பிறகு மூன்று மாசம் பாரம் இழுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வெங்காயமோ நட்டு வேர் பிடித்த பருவம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவன் பெண்டாட்டி அத்தாயி ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வடத்தில் அவள் உட்கார்ந்துகொள்வாள். அவன் வேப்பமர நிழலில் நின்று மாட்டைக் கூப்பிட்டால் போதும்.

படுக்கையில் சேர்க்கும்போது நர்ஸ் செல்வமேரியிடம் இதைத்தான் சொன்னாள். "வயித்தை நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க அம்மிணி. வாய் மட்டும் பழைய மாதிரி ஊட்டுக்கு வந்தாப் போதுமுங்க."

செல்வமேரி சிரித்துவிட்டு, வாய்க்கும் இந்த ஆபரேஷனுக்கும் சம்பந்தமே இல்லை என்றாள். வழக்கமான நாளாக இருந்தால் அது உண்மைதான்.

ஆனால் அந்த வாரம் குழாய் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியின் பரிபாலன சபைத் தலைவர் ராவ் பகதூர் அருணகிரி அதைச் சீமையிலிருந்து தருவித்திருந்தார். சிவப்பு ரப்பரில் ஒரு முழத்துக்குக் குறைவான குழாய். ரயிலடியிலிருந்து நாதஸ்வரத்தோடு வெள்ளித் தாம்பாளத்தில் ஊர்வலமாக வந்தது. வழியில் சில பேர் அதற்குத் தேங்காய் உடைத்தார்கள். இன்ன சாமி என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அதை உபயோகிக்கத் தெரிந்தவர் உதவி டாக்டர் கிறிஸ்துராஜ் ஒருவர்தான். மதராஸில் பார்த்துவிட்டு வந்தவர். சபையில் அவர் எழுந்து விளக்கினார். மயக்கம் கொடுத்த பிறகு குழாயை வாய் வழியாக மூச்சுக்குழலில் இறக்க வேண்டும். நுனிக்குச் சற்று மேலே குழாயைச் சுற்றி ஒரு சின்ன ரப்பர் பை இருக்கிறது. அதற்குள் ஊசிபோடும் பீச்சாங்குழலால் கொஞ்சம் காற்று ஏற்றினால் பை உப்பி மூச்சுக்குழலை அடைத்துக்கொள்ளும். மயக்க மருந்து பக்கவாட்டில் கசியாது. கசிகிற சத்தம் நின்றதும் காற்றை நிறுத்திவிட வேண்டும்.

"எவ்வளவு காற்று?" என்று கேட்டார் ராவ் பகதூர்.

"கொஞ்சம்தான் சார்."

அந்தச் சொல் சபைக்குப் பிடிக்கவில்லை. தாம்பாளத்தில் வந்த குழாய்க்குக் கொஞ்சம் காற்று என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அதைவிடப் பெரிய கேள்வி, அந்தக் காற்றை ஏற்றப்போவது யார் என்பது. குழாயை வாங்கியது தாம் என்பதால் காற்றும் தம்முடையதாக இருப்பதே முறை என்றார் ராவ் பகதூர். நோயாளி தம்முடையவன் என்றார் சூப்பிரண்டெண்ட் டாக்டர் தங்கசாமி. கட்டடத்துக்கு ஓடு போட்டது தாம் என்பதை ஜில்லா போர்டு மெம்பர் நினைவூட்டினார். ஆனரரி மாஜிஸ்திரேட்டும் பென்ஷன் தாசில்தாரும் தங்கள் தங்கள் ஊர்க் கோயிலில் யாருக்கு முன்னால் யாருக்கு விபூதி கொடுப்பார்கள் என்கிற விவரத்தைச் சொன்னார்கள். அந்தி சாயும்வரை பேசி, தேர் வடம் தொடுகிற மாதிரி, அந்தஸ்துப்படி ஆளுக்கு ஒரு தரம் அழுத்துவது என்று முடிவாயிற்று.

கிறிஸ்துராஜ் மறுபடி எழுந்தார். ஒருவர் பாதி அழுத்தினாலே போதும் என்றார்.

சூப்பிரண்டெண்ட் அவரைப் பரிவோடு பார்த்தார். "தம்பி, நீ சாஸ்திரம் பேசுகிறாய். அந்தப் பாதியை இத்தனை பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு என்ன மரியாதை மிஞ்சும்?"

இன்னொரு சங்கடமும் இருந்தது. சென்றாயனின் குடலிறக்கத்துக்குக் குழாயே தேவையில்லை, முதுகில் ஒரு ஊசி போட்டு அறுத்துவிடலாம் என்று கிறிஸ்துராஜ் சொன்னார். முதுகில் ஊசி போட்டால் குழாயை எங்கே வைப்பது என்று சபை கேட்டது.

காலையில் சென்றாயனை மேஜையில் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் குழாய்க்குச் சின்னதாக ஒரு சாமந்தி மாலை போட்டிருந்தது. பெரிய மனிதர்கள் வரிசையாக வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். யாருக்கு முதலில் தலைத்துணி கட்டுவது என்பதில் ஏதோ மனஸ்தாபம் போலிருந்தது. தனக்காக இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று சென்றாயனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டான். அதற்குள் முகத்தில் துணியை வைத்து, மூச்சை இழு என்றார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைச் செல்வமேரி சொல்லித்தான் அவன் தெரிந்துகொண்டான். ராவ் பகதூர் அழுத்தினாராம், சத்தம் நின்றுவிட்டதாம். போதும் சார் என்றாராம் கிறிஸ்துராஜ். சூப்பிரண்டெண்ட் அழுத்தினாராம். ஜில்லா போர்டு அழுத்தியதாம். மாஜிஸ்திரேட் அழுத்தும்போது கொஞ்சம் கஷ்டமாக இருந்ததால் முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டாராம். தாசில்தாரால் தனியாக அழுத்த முடியாததால் சூப்பிரண்டெண்ட் அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டாராம். எல்லாம் முடிந்த பிறகு, பத்திரிகைக்குப் படம் பிடிக்க வந்திருந்த போட்டோக்காரர், முதல் படம் சரியாக விழவில்லை என்று சொல்ல, ராவ் பகதூர் பெரிய மனசோடு இன்னொரு தரம் அழுத்தினாராம். கிறிஸ்துராஜ் பையிலிருந்து காற்றை இறக்கப் போனபோது, பிரமுகர்கள் கொடுத்ததை அவர்கள் கண்முன்னாலேயே திருப்பி எடுப்பது பண்பல்ல என்று தடுத்துவிட்டார்கள். அவர்கள் இட்டிலி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனபிறகுதான் அவரால் இறக்க முடிந்தது.

சென்றாயனுக்கு நினைவு வந்தபோது வயிறு வலிக்கவில்லை. தொண்டைக்குள் நெருஞ்சி முள்ளை அள்ளிப் போட்டு மேலே பாறாங்கல்லை வைத்த மாதிரி இருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. தண்ணி கேட்க வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

கிறிஸ்துராஜ் வந்து உட்கார்ந்தார். குழாயின் பை அளவுக்கு மீறி உப்பி உள்ளே அழுத்திவிட்டது, சதை கன்றிப் போயிருக்கிறது, குரல் தானாகத் திரும்பும், அதுவரை கத்தக் கூடாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எப்போது திரும்பும் என்று அத்தாயி கேட்டதற்கு அவர் ஜன்னலைப் பார்த்தார். சில பேருக்கு ஒரு வாரம், சில பேருக்கு அதற்கு மேலும் ஆகும் என்றார்.

"வெங்காயத்துக்கு அது தெரியாதுங்களே டாக்டரே," என்றாள் அவள்.

மறுநாள் சூப்பிரண்டெண்ட் படுக்கை படுக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வலி எங்கே என்று கேட்டார். சென்றாயன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். சூப்பிரண்டெண்ட் போர்வையை விலக்கித் தையலைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். அறுத்தது வயிற்றில், ஆகவே வலி வயிற்றில்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினார். சென்றாயன் மறுபடியும் தொண்டையைத் தொட்டான். இவனுக்கு உடம்பில் எது எங்கே இருக்கிறது என்கிற ஞானம் இல்லை என்று சூப்பிரண்டெண்ட் கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

தையல் ஆறி ஊருக்கு வந்ததும் அத்தாயி கவலை பூட்டினாள். அவள் வடத்தில் உட்கார்ந்ததும் மாடுகள் சரிவில் இறங்கின. சால் மேலே வந்தது, தண்ணீர் கொட்டியது. வேப்பமரத்தடியில் சென்றாயன் வாயைத் திறந்தான். பொத்தல் விழுந்த தோல் பை மாதிரி 'ஹ்' என்று ஒரு சத்தம். மாடுகள் காதை ஆட்டின. யாரோ வழிப்போக்கன் இருமுகிறான் என்று விட்டுவிட்டன. அத்தாயி கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் குரல் தவிட்டுக்கும் தண்ணிக்கும் பழகிய குரல். மாடுகள் பின்னுக்கு வராமல் அவள் பக்கம் திரும்பி நின்று தவிட்டை எதிர்பார்த்தன.

புதுக் குரலுக்கு மாட்டைப் பழக்க மாசம் பிடிக்கும். வெங்காயத்தாள் நுனி ஏற்கெனவே மஞ்சள் தட்டியிருந்தது. அத்தாயி ஒவ்வொரு சாலுக்கும் இறங்கி ஓடி மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாடுகளைத் தள்ளித் தள்ளி மேலே ஏற்றினாள். முடியாதபோது குடத்தில் மொண்டு சுமந்தாள். கிணற்றுப் பக்கத்துப் பாத்திகள் நனைந்தன. மேட்டுப் பாத்திகள் சாயத் தொடங்கின. சென்றாயன் நிழலில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினான். கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஆனால் கத்த முடிந்தால்தானே கத்தாமல் இருப்பதற்கு?

அவனை இழுத்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரலை வாங்கி வைத்துக்கொண்டீர்களே என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். சத்தம் பலமாக இருந்ததால் பரிபாலன சபை விசாரிக்க ஒப்புக்கொண்டது.

விசாரணைக்கு ஒரு விதி உண்டு. குறை உள்ளவன் தன் குறையைத் தன் வாயால், சபையின் கடைசி நாற்காலி வரை கேட்கும்படி சொல்ல வேண்டும். கடைசி நாற்காலியில் இருந்தவர் பென்ஷன் தாசில்தார். அவருக்கு இடி இடித்தால்கூடக் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். சென்றாயன் எழுந்து நின்று தன்னால் ஆனதைச் சொன்னான். தாசில்தார் கையைக் காதுக்குக் குவித்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார். கடைசியில் குறை ஒன்றும் இல்லை என்கிறான் போலிருக்கிறது என்றார்.

அத்தாயி முன்னால் வந்தாள். "பேச்சு வல்லீங்க. அதுதானுங்க குறையே."

"தொண்டை உன்னுடையதா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"இல்லீங்க. எங்கூட்டுக்காரருதுங்க."

"அப்படியானால் அவனே சொல்லட்டும்."

கிறிஸ்துராஜுக்கு மனசு கேட்கவில்லை. காற்று சற்று அதிகமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். யாருடைய காற்று என்று உடனே கேள்வி பிறந்தது. முதலில் எல்லோரும் தம்முடையது மிகவும் லேசான காற்று என்றார்கள். தாம் அழுத்தியதே இல்லை, வெறுமே தொட்டதுதான் என்றார் ஜில்லா போர்டு மெம்பர். அப்போது ராவ் பகதூர் பத்திரிகையில் வந்த போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் கீழே, ஏழைக்கு உயிர்மூச்சை வழங்கும் ராவ் பகதூர் என்று அச்சாகியிருந்தது. கொடுத்ததை இல்லை என்று சொன்னால் பத்திரிகைக்காரன் என்ன நினைப்பான் என்றார். அதன் பிறகு எல்லோருக்கும் தாங்கள் பலமாகவே அழுத்தியது ஞாபகத்துக்கு வந்தது. மாஜிஸ்திரேட் முழங்கை ஊன்றியதைக்கூடச் சொன்னார்.

சூப்பிரண்டெண்ட் முடிவுரை சொன்னார். "இந்த வைத்தியசாலையில் இன்றுவரை ஒரு நோயாளி குறை சொன்னது கிடையாது. குறை சொல்லக்கூடிய நிலையில் நாம் யாரையும் வெளியே அனுப்பியதும் கிடையாது. நமக்கு வேண்டியவர்கள் பிரமுகர்கள். அவர்கள் வந்தால் குழாய் வரும். குழாய் வந்தால் நோயாளி வருவான். நோயாளியிலிருந்து ஆரம்பித்தால் ஆஸ்பத்திரி நடத்த முடியுமா? இவனுடைய குரலில் பழுது இல்லை, கீழ்ப்படியாத மாடுகளிடம்தான் பழுது இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சபை ஸ்தலத்துக்கே வந்து அதை நிரூபிக்கும்."

மாடுகள் என்ன சொல்லும் என்று யாரும் கேட்கவில்லை.

சொன்னபடியே வந்தார்கள். மோட்டார் ஒன்று, வில்வண்டி இரண்டு, குடை பிடிக்க ஆட்கள். சென்றாயன் காட்டில் அத்தனை நிழல் அதற்கு முன்னால் விழுந்ததில்லை. அத்தாயி வடத்தில் ஏறி உட்கார்ந்தாள். மாடுகள் சரிவில் இறங்கி நின்றன. இனி அந்தஸ்துப்படி கூப்பிட வேண்டியதுதான்.

ராவ் பகதூர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, உழவின் மேன்மையைப் பற்றியும் கால்நடைகளின் கடமையைப் பற்றியும் பேசி, ஆகவே பின்னோக்கி வருமாறு கேட்டுக்கொண்டார். மயிலை வாலால் ஈ ஓட்டியது. ஜில்லா போர்டு மெம்பர் ரத்தினச் சுருக்கமாகக் கூப்பிட்டுப் பார்த்தார். மாஜிஸ்திரேட் அபராதம் என்றார். தாசில்தார் ஜப்தி என்றார், அந்தச் சொல் அவர் உத்தியோகத்தில் பல பேரைப் பின்வாங்க வைத்த சொல். மாடுகளுக்குச் சொத்து இல்லாததால் அசையவில்லை.

சூப்பிரண்டெண்ட் எல்லோரையும் விலகச் சொன்னார். மூன்று வார்டுகளைக் கிடுகிடுக்க வைத்த குரல் அவருடையது. வரப்பில் ஏறி நின்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார். செவலை நிதானமாக மூத்திரம் பெய்தது. அதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டவர் போல அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கோட்டைக் கழற்றிப் பியூனிடம் கொடுத்துவிட்டு மறுபடி மறுபடி கூப்பிட்டார். புழுதி எழும்பி அவர் வாய்க்குள்ளேயே போயிற்று. பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேலியோரம் வந்து உட்கார்ந்தார்கள். போதும் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. கிறிஸ்துராஜ் சொல்லியிருப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோதுதான் நிறுத்தினார். மோட்டாரில் ஏறும் முன்பு ராவ் பகதூர் முடிவை அறிவித்தார். நோயாளி பூரண குணமடைந்திருக்கிறான். மாடுகளுக்குக் காது மந்தம். ஆஸ்பத்திரியிலிருந்து இலவசமாகக் காது மருந்து அனுப்பப்படும். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துக் காட்டுக்காரர்கள் கைகூப்பினார்கள். மருந்து மறுநாளே வந்துவிட்டது, நான்கு காதுக்கும் சேர்த்து ஒரே சீசா.

அத்தாயி அதை மாட்டுக் கொட்டகைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வாரத்திலேயே மேட்டுப் பாத்திகள் போய்விட்டன. கீழ்ப் பாத்திகளை அவள் இடுப்பு காப்பாற்றியது. சென்றாயன் நனைந்த பாத்தியின் மடையை வாயால் சொல்லாமல் கையால் காட்டிக்கொண்டிருந்தான். சித்தரத்தையும் பனங்கல்கண்டும் வாயில் அடக்கி, யாரோடும் பேசாமல் கிடந்ததில் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை நீட்டியது. ஒருநாள் மத்தியானம் அவன் "ஹோ" என்றான். ஓட்டை வண்டி அச்சு மாதிரித்தான் இருந்தது. செவலை ஒரு கால் எடுத்துப் பின்னால் வைத்து, சரியான ஆள்தானா என்று யோசித்து நின்றது. அத்தாயி வடத்தின் மேலேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது வரப்பில் ஆஸ்பத்திரி பியூன் வந்து நின்றான். சபை இன்னொரு தரம் வரப்போகிறதோ என்று சென்றாயன் கையால் கேட்டான். அப்படியெல்லாம் இல்லை என்றான் பியூன். இவன் தொண்டைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு வரச் சொன்னார்களாம். முடிந்தால் ஒரு பிடி வாங்கிவரவும் சொன்னார்களாம்.

"ஆருக்குங்க?" என்றாள் அத்தாயி.

பியூன் வேலிப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளியே சொல்ல வேண்டாம் என்றான். கிணற்றடியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து சூப்பிரண்டெண்டுக்குப் பேச்சு வரவில்லை. வார்டில் ஆளைக் கூப்பிட மணி அடித்துக்கொண்டிருக்கிறார்.